தேவையான இடத்தில் மட்டும் திருத்துக

1988 மார்ச் 9, புதன்கிழமை. விடியுமுன் எழுந்து தண்ணீர் கொதிக்க வைத்தேன். வானொலியில் மாலையில் மழை பெய்யும் என்றார்கள். ஹட்டனில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்ல வானொலி தேவையில்லை. பிறகு பாடசாலை. ஆறாம் வகுப்புக்குக் கணிதம், எட்டாம் வகுப்புக்குக் கணிதம், நடுவில் அதிபரோடு தளபாடங்கள் பற்றிப் பேச்சு. திரும்பும் வழியில் பாணும் பருப்பும் ஒரு கட்டு லீக்ஸும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து குடையை விரித்துக் காய வைத்து, சேலையை மடித்து வைத்து, தேத்தண்ணியோடு உட்கார்ந்தேன். மேசையில் மகளின் புத்தகம் கோணலாகக் கிடந்தது. நேராக வைப்பதற்காகத்தான் அதைக் கையில் எடுத்தேன். என் வீட்டார் என்னைப் பற்றிச் சொல்லும் குறைகளில் இது முதலாவது: கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட வாழ்த்துவதற்கு முன் அதில் பிழை தேடுவேனாம்.

அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அனுமதி கேட்பவர்கள் எழுதும் பரீட்சைக்கான புத்தகம். மகள் கொழும்பில் வேலை செய்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். புரட்டிய பக்கத்தில் ஆங்கில வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதிக்குக் கீழே கோடு. அந்தப் பகுதியை எப்படித் திருத்தலாம் என்று கீழே ஐந்து விடைகள். நான் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

"இந்தப் புத்தகம் சரியில்ல. மொதல் விடையும் கேள்வியும் ஒன்னாவே இருக்கு பாரு. எல்லாத்துலயும் அப்பிடித்தான் அச்சடிச்சிருக்காங்க."

அவள் சிரித்துவிட்டாள். "அது பிழை இல்லம்மா. மொதல் விடை எப்பவுமே மாத்தாம விடுறதுதான். வாக்கியம் சரியா இருந்தா அதப் போடணும்."

"அப்பிடின்னு எழுதியே குடுத்திருக்காங்களா?"

"ஆமாம்மா. பரீட்சைன்னா எல்லாமே பிழையா இருக்கணுமா என்ன?"

தேத்தண்ணி ஆறிப்போனது. மகள் தன் பென்சிலை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். பின்பக்கத்தில் அழிப்பான் வைத்த மஞ்சள் பென்சில். தப்பாகப் போட்டால் அழித்துக்கொள்ளலாம். அந்த அழிப்பானின் ரப்பர் மணம் மேசையிலேயே தங்கிவிட்டது.

நான் பரீட்சை எழுதிய காலத்தில் எங்களுக்குப் பென்சில் அனுமதி இல்லை. மைதான். பிலோமினாவும் நானும் ஒரே மைக்கூட்டைப் பங்கிட்டுக்கொண்டோம். அவளுடைய நிப்பு முனை பிளந்திருந்தது. எழுதும்போது கீறும், அவளும் கூடவே ஏதாவது முணுமுணுப்பாள். நீங்கள் அவளைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் பிடித்திருக்கும். உயரமானவள், எதற்கும் அவசரப்படாதவள். அவளுடைய அப்பாவும் என் அப்பாவும் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் எங்கள் லயத்துக்கு அடுத்த லயம் அவளுடையது. ஆனால் அவள் சிறு வயதிலேயே ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் சேர்ந்து படித்தவள். அதனால் அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது. அதே காரணத்தால் கொழுந்துக் கூடையை அவள் ஒருநாளும் தலையில் மாட்டியதில்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்திலும் பிறகு டவுன் பள்ளிக்கூடத்திலும் படித்தேன். லீவு நாட்களில் அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தேன்.

1957இல் இருவரும் படிப்பை முடித்துவிட்டு லயத்தில் இருந்தோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை வைப்பதாக அறிவித்தார்கள். தமிழ், கணிதம், ஆங்கிலம் என்று மூன்று தாள். அது எங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் என்பது இருவருக்கும் தெரியும். வயதுக்கு வந்த ஆள் வேலைக்குப் பேர் பதியாமல் லயத்தில் இருப்பது அந்தக் காலத்தில் பெரிய குற்றம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்கிறவனுக்குத்தான் அதில் இடம். வேலையாட்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளை மாதம் தவறாமல் வந்து வாசலில் நிற்பார். கையிலிருக்கும் பிரம்பால் தன் பூட்சிலேயே தட்டிக்கொண்டு பேசுவார்.

"என்னப்பா, மகளுக்கு எப்ப பேரு பதியிறது? துரை கேக்குறாரு. சும்மா குந்தியிருக்கவா லயம் கட்டி விட்டிருக்கு?"

"பரீச்ச ஒன்னு இருக்குங்க" என்பார் அப்பா. "அது முடியட்டுங்க."

"பரீச்ச முடிஞ்சு?"

"பாஸ் பண்ணலேன்னா மாசம் பொறந்ததும் பெரட்டுக்கு வந்துரும்ங்க."

பெரட்டு என்றால் விடியற்காலையில் தப்பு அடித்து ஆட்களைக் கூட்டி, பேர் வாசித்து, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவது. அதில் ஒருமுறை பேர் விழுந்தால் பிறகு எடுபடுவது கல்யாணத்திலோ சாவிலோதான். அப்பா என் பக்கம் திரும்பாமலே அந்த வாக்கைக் கொடுத்தார். அவர் சட்டையில் எப்போதும் அரைத்த பச்சைத் தேயிலையின் மணம் இருக்கும். அன்று அந்த மணம் படாத தூரத்தில் போய் நின்றேன்.

பிலோமினா விடுதியிலிருந்து பழைய வினாத்தாள்கள் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தாள். லயத்தில் புகையும் சத்தமும். அதனால் தோட்டத்துச் சின்னக் கோவிலில், அவர்களுடைய வேதக் கோவிலில்தான், கடைசி வாங்கில் உட்கார்ந்து படிப்போம். மெழுகுவர்த்தி மணமும் ஈர மண் தரையின் மணமும் கலந்து வரும். சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் அந்த வாங்கு எங்களுடையது. ஆங்கிலத் தாளில் பத்து வாக்கியங்களைத் திருத்தும் கேள்வி கட்டாயம் வரும். அதில் கோட்டைவிட்டால் தாளே போச்சு என்று விடுதிக் கன்னியாஸ்திரிகள் சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

நான் ஒழுங்காகத்தான் படித்தேன். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் இரண்டு தரம் வாசிப்பேன், ஒரு பிழையைப் பிடித்துவிடுவேன். பிடித்தே தீருவேன். அங்கேதான் சண்டை தொடங்கியது.

ஆறு கடலுக்குப் போகிறது என்று பொருள்படும் ஒரு வாக்கியம். த ரிவர் ஃப்ளோஸ் டு த சீ. நான் "டு" என்பதை வெட்டி "இன்டு" என்று எழுதினேன். பிலோமினா எட்டிப் பார்த்தாள்.

"ஆறு எங்கடி போகும்? அதுபாட்டுக்குப் போகுது, விடேன்."

"சரியா இருந்தா ஏன்டி பரீச்சையில போடுறாங்க?"

"சும்மா போடுவாங்கடி. நம்மளப் பாக்குறதுக்கு."

அடுத்தது, என் அப்பா நல்ல மனிதர் என்ற வாக்கியம். மை ஃபாதர் இஸ் எ குட் மேன். எவ்வளவு பார்த்தும் எனக்குப் பிழை கிடைக்கவில்லை. ஆனால் அதைத் தொடாமல் விட எனக்குத் துணிவில்லை. கடைசியில் "இஸ்" என்பதை வெட்டி "வாஸ்" ஆக்கினேன். பிலோமினா கையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, அப்பாவச் சாகடிச்சிட்டியேடி!"

கோவில் என்றுகூடப் பார்க்காமல் இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் கோபப்பட்டாள். "நெசமாத்தான் சொல்றேன். ஒன்ட்ட எதக் குடுத்தாலும் ரெண்டு ராத்தல் கழிக்கிற. நீ கணக்கப்பிள்ளடி. இது மடுவம் இல்ல."

அன்றிலிருந்து எனக்குக் கணக்கப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டாள். அவள் சொன்னது எனக்கு உறைத்தது, ஆனால் உடனே இல்லை. முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மடுவத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், விடுதியில் பாணும் ஜாமும் தின்று வளர்ந்தவளுக்கு?

மடுவம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. நீங்கள் மலையகத்தில் இருந்திருந்தால் அந்தத் தராசுக் கொக்கியின் சத்தம் இப்போதும் காதில் இருக்கும். மாலையில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கூடையில் உள்ளதைக் கொட்டி, அள்ளி, கொக்கியில் மாட்டி நிறுப்பார்கள். தராசு ஒன்று காட்டும், கணக்கப்பிள்ளை வேறொன்று சொல்வார். சாக்குக்கு இவ்வளவு கழிவு, முத்தல் இலைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு. யாருடைய கொழுந்தும் நிறுத்தபடியே எழுதப்பட்டதை நான் பார்த்ததில்லை. ஒரு பெப்ரவரியில், ஒரு சொட்டு மழை இல்லாத வெயிலில், என் அம்மா கேட்டுவிட்டாள்.

"வெயில்ல ஏதுங்க ஈரம்?"

"ஏன், ஒன் வேர்வ இல்லையா?" என்றார் கணக்கப்பிள்ளை.

வரிசை முழுதும் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. அந்தச் சிரிப்போடு கழிவும் கழிந்துவிட்டது. அப்படி வளர்ந்தவளுக்கு, மேலே இருக்கிறவர்கள் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறார்கள் என்றால் அதில் குறை இருக்கிறது என்றே படும். குறையில்லாமல் ஒன்று கடந்துபோகும் என்பதை நான் கண்டதே இல்லை. வினாத்தாளின் தலையில் "தேவையான இடத்தில் திருத்துக" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்ததை எத்தனையோ தடவை வாசித்தேன். தோட்ட ஆபீஸ் பலகையில் துரை ஒட்டும் அறிவித்தலின் கடைசி வரி மாதிரி அதுவும் ஒரு மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு முதல் நாள் நாங்கள் சமாதானம் ஆனோம். பிலோமினாதான் வந்தாள். "பஸ்ஸில ஒன் பக்கத்துல குந்தலாமா, இல்ல அதுலயும் பிழ இருக்கா?" என்று கேட்டாள்.

முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். மழை. பஸ்ஸின் ஜன்னல் திரை ஒன்று கிழிந்திருந்ததால் என் வலது தோள் முழுக்க நனைந்துவிட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோருடைய கம்பளிச் சட்டையிலிருந்தும் ஈரமணம் கிளம்பியது. இன்றைக்கும் நனைந்த கம்பளியை முகர்ந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மேசையில் இலக்கம் ஒட்டியிருந்தது. பிலோமினா எனக்கு முன்னால், இரண்டு வரிசை தள்ளி. அவளுடைய ஈரப் பின்னல் நாற்காலியின் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

தமிழும் கணிதமும் காலையில் போயின. மதியம் ஆங்கிலம். கட்டுரை, கடிதம், பொருள் விளக்கம் எல்லாம் எழுதி, பத்து வாக்கியங்களுக்கு வந்தேன். பத்தையும் திருத்தினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லுக்குக் குறுக்கே மெல்லிய கோடு, மேலே சரியான சொல். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. நேரம் மிச்சம் இருந்தது. பேனையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் பார்த்தேன்.

பிலோமினா எழுதவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். நான் பத்துக் கோடு போட்ட இடத்தில் அவளுக்கு எப்படி வேலை இல்லாமல் போயிற்று?

குனிந்து என் தாளை மறுபடி வாசித்தேன். இந்த முறை என் திருத்தங்களை வாசிக்கவில்லை, அவற்றுக்குக் கீழே வெட்டுப்பட்டுக் கிடந்த சொற்களை வாசித்தேன். மூன்றாம் வாக்கியம். எதற்காக அதை வெட்டினேன்? எனக்கே காரணம் தெரியவில்லை. பிழை என்று வெட்டவில்லை. வெட்டாமல் கொடுக்கப் பயந்து வெட்டியிருக்கிறேன். வெயிலில் நின்று வேர்வைக்குக் கழித்தது நானேதான். ஏழாம் வாக்கியமும் அப்படி. ஒன்பதாவது, தெரியவில்லை.

மையில் எழுதியதை அழிக்க முடியாது. திருத்தத்தை வெட்டி, வெட்டியதன் பக்கத்தில் "உள்ளபடியே சரி" என்று எழுத வேண்டும். தாள் அசிங்கமாகிவிடும். வாழ்நாளில் அடித்துத் திருத்திய தாளை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. கண்காணிப்பாளர் அம்மா நேரத்தைப் பார்த்துவிட்டு மேசை மணியைக் கைக்குள் எடுத்துக்கொண்டார். மூன்றாவதைப் பழையபடிக்குத் திருப்பினேன். அவசரத்தில் மை ஒரு பொட்டாக விழுந்தது. ஒற்றுத்தாள் இல்லை, பாவாடை நுனியால் ஒற்றினேன். ஏழாவதைத் திருப்பினேன். ஒன்பதாவதின் மேல் பேனையை வைத்தபடியே இருந்தேன். மணி அடித்தது. தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒன்பதாவது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாக்கியமே மறந்துவிட்டது. அதன்மேல் நின்ற பேனை மட்டும் மறக்கவில்லை.

பஸ்ஸில் பிலோமினா கேட்டாள், "எத்தனைய விட்ட, கணக்கப்பிள்ள?"

"சொல்ல மாட்டேன்."

"எல்லாத்துலயும் கழிச்சிருப்ப" என்றாள். பிறகு என் பாவாடையில் இருந்த மையைப் பார்த்துவிட்டுத் தன் பையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

பெறுபேறு வருவதாகச் சொன்ன நாள் தாண்டிப் போனது. அம்மா என் கண்ணைப் பார்க்காமல் ரொட்டி தட்டினாள். மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளை வந்தார். அப்பா ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். என் பேரும் பிலோமினாவின் பேரும் ஒரே நாளில் பதியப்பட்டன. திங்கட்கிழமை பெரட்டு. அம்மா பெட்டியிலிருந்து ஒரு பழைய படங்கை எடுத்துத் தைக்கத் தொடங்கினாள். படங்கு என்பது கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்கு. ஒரு தையல்கூட கோணாமல் தைத்தாள். அந்த ஊசி சாக்கைத் துளைக்கும் சத்தத்தைக் கேட்க முடியாமல் நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். அந்த இரண்டு நாளில் எங்கள் வீட்டில் தேவைக்கு மேலேயே தண்ணீர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிலோமினா தன் அம்மாவோடு ஹட்டனுக்குப் பூசைக்குப் போயிருந்தாள். மாலையில் நான் பீலியடியில் நின்றேன். கணக்கப்பிள்ளை எங்கள் வாசலில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார், மறுநாள் எந்த மலை என்று. அப்போது கீழ் றோட்டிலிருந்து ஒரு கூப்பாடு.

"ஏ கணக்கப்பிள்ள! அடியே கணக்கப்பிள்ள!"

அவர் பிரம்பை ஓங்கியபடி திரும்பினார். "எவடி அவ, என்னய 'அடியே'ங்கிறது?"

பிலோமினா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் ஏறி வந்தாள். "பள்ளிக்கூடத்துல ஒட்டியிருக்காங்கடி! ஒன் நம்பரு இருக்குடி! நான் ரெண்டு தடவ பாத்தேன்!"

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா உள்ளேயிருந்து ஊசியோடு வந்தாள். கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நான் குடத்தை வைத்துவிட்டு ஓடினேன்.

"ஒன்னோடது?" என்றேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கி முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் எல்லாத்தையும் சரின்னு விட்டுட்டேன் போலடி" என்றாள். சிரித்தாள். உண்மை அதுவாக இருந்திருக்க முடியாது. அவளுக்குக் கணிதம்தான் காலை வாரியிருக்கும். ஆனால் அவள் அப்படித்தான் சொன்னாள். வேறு எதையும் சொல்ல விடவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் பயிற்சிக்குப் போனேன், ஆசிரியையானேன். அவள் உடப்புசல்லாவைப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். தோட்டத்து மக்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்ட ஒப்பந்தம் வந்தபின் அவள் புருஷன் குடும்பத்துக்கு இந்தியா என்று ஆயிற்று. எந்த ஊரில் இறங்கினார்கள் என்று கேட்டு எழுத எனக்கு ஒரு விலாசம் கிடைக்கவில்லை. கோவிலின் கடைசி வாங்கு இருந்த இடத்தில் இப்போது சிமெந்து போட்டிருக்கிறார்கள். எங்கள் இரண்டு லயமும் இல்லை. அந்த இடத்தில் தேயிலை நட்டு, அதுவும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகிவிட்டது. சரியானதைச் சரியென்று விடு என்று என்னிடம் கத்துவதற்கு ஆளில்லை. அதை இப்போது அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த ஞாயிறு இரவு லயத்தில் எல்லோரும் வந்து என்னைப் பார்த்துப் போனார்கள். திங்கட்கிழமை விடியலில் தப்பு அடித்தது. என் பேரை வெட்டச் சொல்வதற்காக அப்பாவோடு பெரட்டுக் களத்துக்குப் போனேன். பனி. ஆட்கள் நிழல் நிழலாக நின்றார்கள். ஓரத்தில் பிலோமினா புதுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் நிற்காமல் வழுகும் படங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். முடிச்சுப் போட அவளுக்குத் தெரியவில்லை. அப்பா கணக்கப்பிள்ளையிடம் போனார். நான் முதலில் அவளிடம் போனேன். படங்கை அவிழ்த்து, உதறி, மடிப்பு வைத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

"இறுக்கிக் கட்டுடி" என்றாள். "மலையில அவுந்துச்சுன்னா மானம் போயிரும்."

இறுக்கிக் கட்டினேன்.